பயிற்சிக்கு இரண்டு மணித்தியாலம்; தயாரிக்க எத்தனை?

கடந்த வருடம் பெருநாள் வியாபாரத்துக்கு முன்னர் எமது புடவைக் கடையில் கணினிப் பற்றுச்சீட்டு முறையை அறிமுகப்படுத்தினோம். ஊழியர் அறுவருக்கு இரண்டு மணித்தியாலப் பயிற்சி. முதல் நாள் இரவு தயார் செய்தால் போதும் என நினைத்தேன். விளைவு? வாங்கிய துணியை மாற்ற வருபவரின் பற்றுச்சீட்டை எவ்வாறு திருத்துவது என்பதை நான் சொல்லிக் கொடுக்கவேயில்லை. பெருநாளுக்கு முந்திய இரவு காசாளர்கள் திகைத்து நின்றார்கள். வரிசையில் நின்றோர் பலர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டனர். தவறு ஊழியர்களுடையதல்ல, என்னுடையது.

பயிற்சி நடத்தும் நேரம் வேறு. அதைத் தயாரிக்கும் நேரம் வேறு. 2010ஆம் ஆண்டு அமெரிக்காவின் செப்மன் அலையன்ஸ் வெளியிட்ட ஆய்வின்படி, நேரில் நடத்தும் ஒரு மணித்தியாலப் பயிற்சியைத் தயாரிக்கச் சராசரியாக 43 மணித்தியாலங்கள் செல்கின்றன. கணினி வழியாகத் தானே கற்கும் எளிய பாடமாயின் 79. கேள்வி, பயிற்சிகளுடன் கூடியதாயின் 184.

இது தொழில்முறையாகப் பாடம் தயாரிப்போரின் கணக்கு. எம்போன்ற கடைகளுக்கு அவ்வளவு தேவைப்படாது. ஆயினும் படிமுறைகள் ஒன்றே: தேவையை அறிதல், திட்டமிடல், தயாரித்தல், நடத்துதல், மதிப்பிடல்.

இவ்வருடம் நான் செய்தது இதுதான். முதலில் வேலையை நான்காகப் பிரித்தேன்: சாதாரண விற்பனை, துணி மாற்றல், கடனட்டைக் கொடுப்பனவு, நாள் முடிவுக் கணக்கு. அவற்றில் துணி மாற்றலை மட்டும் எடுத்துக் குறிப்பு எழுதி, ஓர் ஊழியரிடம் சோதித்து, அவர் தடுமாறிய இடங்களைத் திருத்தினேன். 3 மணித்தியாலங்கள் சென்றன. நான்குக்கும் 12. எதிர்பாராத தாமதங்களுக்கு மூன்றிலொரு பங்காக 4 சேர்த்து 16. கடை வேலைக்கிடையே எனக்குக் கிடைப்பது நாளுக்கு 2 மணித்தியாலம். ஆக 8 நாட்கள். பயிற்சித் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, இரு வாரங்களுக்கு முன்னரே வேலையை ஆரம்பித்தேன்.

இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். வேலை தெரிந்த பழைய ஊழியரிடம் விபரம் கேட்பதானால் அவருடைய நேரத்தையும் கணக்கில் சேருங்கள். உண்மையில் எவ்வளவு நேரம் சென்றது என்பதையும் குறித்து வையுங்கள். எனக்கு 15 மணித்தியாலங்கள் சென்றன. அடுத்த முறை ஊகிக்கத் தேவையில்லை. கொப்பியைப் புரட்டினால் போதும்.

சரக்கு வந்து சேரும் நாளைக் கணக்கிட்டே நாம் ஓடர் கொடுக்கிறோம். பயிற்சிக்கும் அதே கணக்கைப் பாருங்கள்.