தாளில் ஓர் ஆலயம்

அன்பளிப்பு என்றதும் கடைக்கு ஓடுவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. ஆனால் ஒரு கறுப்புத் தாளும் கூரிய பிளேடும் சில மாலைப் பொழுதுகளும் இருந்தால், எந்தக் கடையிலும் கிடைக்காத பரிசை நாமே செய்துவிடலாம். ஒருவர் மனத்தில் நிலைத்து நிற்கும் கட்டடத்தைத் தாளில் வெட்டி அவருக்கே அளிப்பதுதான் அப்பரிசு.

தாள் வெட்டும் கலை மிகப் பழமையானது. சீனாவின் துர்ஃபான் பகுதியில் கிடைத்த தாள் வெட்டுகள் கி.பி. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. போலந்து நாட்டுக் கிராம மக்கள் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் பெரிய கத்தரிக்கோலாலேயே பூக்களையும் சேவல்களையும் வெட்டினர். நம் நாட்டில் மதுரா நகரத்துச் சாஞ்சிக் கலைஞர்கள் கண்ணன் கதைகளைத் தாளில் நுட்பமாக வெட்டுகின்றனர்.

இப்பாடத்திற்குத் தனுஷ்கோடி ஆலயத்தை எடுத்துக்கொள்வோம். இரயில் நிலையமும் தபால் நிலையமும் பள்ளியும் ஆலயமுமாக விளங்கிய ஊர் அது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய கடும்புயலில் கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்த இரயில் வண்டியையும் அலை கொண்டுபோயிற்று. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு அப்போது மூன்று நாள்களே இருந்தன. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு பின்னர் அறிவித்தது. ஆலயத்தின் கூரையற்ற சுவர்கள் மட்டும் மணலில் எஞ்சின.

அவ்வூரில் சிறுமியாக ஓடியாடிய பாட்டி ஒருவருக்கு இப்படத்தை அளிக்க விரும்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இன்று அவர் எழுபதைக் கடந்திருப்பார். பிளேடை எடுக்குமுன் அவரிடம் சென்று அமர வேண்டும். இடிந்த சுவர்களைக் காண அவர் விரும்புவாரா? அல்லது கூரையோடு நின்ற ஆலயமே அவர் கண்ணில் நிற்கிறதா? உற்றாரை இழந்தவராயின் அப்படமே வேண்டாம் எனலாம். அதற்கும் நாம் செவிசாய்க்க வேண்டும். முழு ஆலயமே வேண்டுமென்றால் வாசல் எப்படி இருந்தது, மணி எங்கே தொங்கியது என்று அவரையே கேட்டு வரைய வேண்டும். நாமாகக் கற்பனை செய்து கூரை போட்டால் அது அவருடைய ஆலயம் ஆகாது.

இனிச் செய்முறையைப் பார்ப்போம். முதலில் வெள்ளைத் தாளில் ஆலயத்தை வரைந்து, கறுப்பாக நிற்க வேண்டிய பகுதிகளைப் பென்சிலால் நிரப்புக. நிரப்பாத இடங்களே வெட்டி நீக்கப்படுபவை. பின்னர் அதை டிரேசிங் தாளில் எடுத்து, தாளைத் திருப்பிப் போட்டு, கறுப்புத் தாளின் பின்புறத்தில் பதிக்க வேண்டும். திருப்பாமல் பதித்தால் இடப்பக்கச் சுவர் வலப்பக்கம் போய்விடும்.

அடியில் தடித்த அட்டை வைத்துப் புதுப் பிளேடால் வெட்டுக. சிறிய வகுப்பு மாணவிகள் ஆசிரியை அருகிலிருக்கும்போது மட்டுமே பிளேடைத் தொட வேண்டும். வளைவு வரும்போது கையைத் திருப்பாமல் தாளைத் திருப்புவது நல்லது. சாளரம் போன்ற சிறு துளைகளை முதலிலும், வெளி விளிம்பைக் கடைசியிலும் வெட்ட வேண்டும். விளிம்பை முதலில் வெட்டிவிட்டால் தாள் தளர்ந்து கிழியும்.

இக்கலையின் தலையாய விதி ஒன்று உண்டு. கறுப்புப் பகுதி ஒவ்வொன்றும் மற்றொன்றோடு இணைந்திருக்க வேண்டும். சாளரத்தின் நடுவே ஒரு சிலுவை நிற்க வேண்டுமானால், அதன் முனைகள் சாளர விளிம்பைத் தொட வேண்டும்; இல்லையேல் அது கையோடு விழுந்துவிடும். அதனால்தான் ஆலயத்தின் அடியில் மணல்மேட்டை அகன்ற பட்டையாக விட்டுவைக்கிறோம். சுவர்கள் அனைத்தையும் தாங்குவது அதுவே.

வெட்டி முடித்ததும் குச்சி முனையால் அங்கங்கே சிறிதளவு பசை தொட்டு, வெள்ளை அட்டையில் ஒட்டிக் கண்ணாடிச் சட்டமிடுக. வெயில் படும் சுவரில் மாட்டினால் கறுப்பு நிறம் வெளுத்துவிடும் என்பதையும் பெறுபவரிடம் சொல்லுங்கள்.

கூரையற்ற அச்சுவர்களின் சாளரங்கள் வழியே வானம்தான் தெரிகிறது. தாளிலும் அவ்விடங்களை வெட்டி எடுத்துவிட்டு வெறுமையாகவே விடுகிறோம். அங்கே இருந்தவற்றை நம்மால் வெட்டிக் காட்ட இயலாது; பார்க்கும் பாட்டி தம் நினைவால் அவற்றை நிரப்பிக்கொள்வார். அவர் விரலை வைத்து, "இங்கேதான் நாங்கள் முழந்தாளிடுவோம்" என்று சொல்லத் தொடங்கினால் நம் பரிசு பயன் தந்துவிட்டது.

தோழியரே, வரும் விடுமுறையில் உங்கள் வீட்டு முதியோரிடம் கேளுங்கள்: அவர்கள் மறக்காத கட்டடம் எது? கேட்டு முடித்தபின் தாளை எடுங்கள்.