வகுப்பறைக் கணினிக்கு மானியம்: பெறுவதும் பேணுவதும்

கருவிகளின் துணைகொண்டு கற்பிக்கும் முயற்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம் நடைபெற்ற செயற்கைக்கோள் வழித் தொலைக்காட்சிச் சோதனை, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களை எட்டியது. 1984-85ஆம் ஆண்டில் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தின் கீழ் சுமார் 250 பள்ளிகளுக்குக் கணினிகள் வழங்கப்பட்டன. 2004 டிசம்பரில் பள்ளிகளுக்கெனத் தகவல் தொழில்நுட்பத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. அப்பணி 2018-19 முதல் 'சமக்ர சிக்ஷா' என்னும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் ஓர் அங்கமாயிற்று. இவ்வகையில் கிடைக்கும் மானியத்தைப் பள்ளிகள் பெறுவது எவ்வாறு, பெற்றபின் பேணுவது எவ்வாறு என்பதை ஆராய்வோம்.

மானியத்தின் அமைப்பு

சமக்ர சிக்ஷாவில் 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்திற்கு வகுக்கப்பட்ட நெறிமுறைகள், 6 முதல் 12 வரை வகுப்புகள் கொண்ட அரசுப் பள்ளிகளையும் உதவி பெறும் பள்ளிகளையும் கருத்திற் கொண்டவை. கணினி ஆய்வகம் அமைக்க ஒரு பள்ளிக்கு ரூ.6.40 லட்சம் வரை ஒருமுறை மானியமும், ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் ரூ.2.40 லட்சம் வரை தொடர் மானியமும் அவற்றில் இடம்பெற்றன. இரண்டு திறன் வகுப்பறைகளுக்கு ஒருமுறை மானியம் ரூ.2.40 லட்சம், தொடர் மானியம் ரூ.38,000. செலவை மத்திய அரசும் மாநிலங்களும் 60:40 என்னும் விகிதத்திலும், வடகிழக்கு, இமயமலைப் பகுதி மாநிலங்களைப் பொறுத்தவரை 90:10 என்னும் விகிதத்திலும் பகிர்ந்துகொள்கின்றன.

இத்தொகைகளைக் கூட்டிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஐந்தாண்டுத் தொடர் மானியம் மொத்தம் ரூ.12 லட்சம், அதாவது கருவிகளின் விலையைப் போல் ஏறக்குறைய இருமடங்கு. கணினியை வாங்குவதைக் காட்டிலும் அதனை இயங்கச் செய்வதே பெருஞ்செலவு என்பதை நெறிமுறையே ஒப்புக்கொள்கிறது.

விண்ணப்பம் தொடங்கும் இடம்

இம்மானியத்திற்கு ஒவ்வொரு பள்ளியும் தில்லிக்குத் தனியே விண்ணப்பிப்பதில்லை. பள்ளிகளின் தேவைகள் மாவட்ட அளவில் தொகுக்கப்பட்டு, மாநிலத்தின் ஆண்டுப் பணித் திட்டத்திலும் வரவு-செலவு மதிப்பீட்டிலும் இடம்பெற்று, மத்தியக் கல்வி அமைச்சகத்தின் திட்ட ஒப்புதல் வாரியத்தின் முன் வைக்கப்படுகின்றன. அத்தேவைகளுக்கு ஆதாரமாக அமைவது 'யுடைஸ் பிளஸ்' புள்ளிவிவரமே. எனவே தலைமையாசிரியர் நிரப்பும் அந்த ஆண்டுப் படிவமே நடைமுறையில் பள்ளியின் முதல் விண்ணப்பமாகும்.

இதனை உணராமையால் விளையும் இழப்பு பெரிது. பல ஆண்டுகளாகப் பழுதுற்றுக் கிடக்கும் பத்துக் கணினிகளைப் பள்ளியின் பெருமை கருதி 'இயங்குபவை' என்று ஒரு பள்ளி குறித்துவிட்டால், திட்டமிடுவோரின் பார்வையில் அது ஆய்வகம் உள்ள பள்ளியாகிவிடுகிறது. உண்மையில் அங்குள்ள மாணவர்கள் திரையைக் கண்டதில்லை. ஆயினும் மானியம் வேறு பள்ளிக்குச் செல்கிறது. மின் இணைப்பு, பாதுகாப்பான அறை, பயிற்சி பெற்ற ஆசிரியர் ஆகியவை பற்றிய விவரங்களையும் உள்ளது உள்ளபடியே பதிவு செய்தல் வேண்டும்.

பிற வாயில்கள்

அடல் புத்தாக்க இயக்கம் 2016இல் தொடங்கிய செய்முறைக் கூடத் திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிக்கு ரூ.20 லட்சம் வரை மானியம் உண்டு. இதில் பாதி அமைப்புச் செலவிற்கும் மறுபாதி இயக்கச் செலவிற்கும் உரியது. பாராளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து, உறுப்பினரின் பரிந்துரைமீது மாவட்ட நிர்வாகத்தின் ஒப்புதலுடன் கணினிகள் பெறலாம். இந்நிதி முதன்மையாக நிலையான சொத்துகளை உருவாக்குவதற்கானது. அன்றாடச் செலவிற்கு இதனை நம்பியிருத்தல் கூடாது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட வரம்பை எட்டிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டுமென விதிக்கிறது. கல்வி அப்பணிகளுள் ஒன்று. கொடையாளரைத் தேடும் பள்ளிகள் 2021 செப்டம்பரில் தொடங்கப்பெற்ற 'வித்யாஞ்சலி' இணையதளத்தில் தம் தேவைகளைப் பதிவு செய்யலாம்.

எவரிடம் விண்ணப்பித்தாலும் கருவிகளின் பட்டியல் மட்டும் போதாது. எந்த வகுப்பு, எந்தப் பாடம், வாரத்தில் எத்தனை மணி நேரம், பொறுப்பேற்கும் ஆசிரியர் எவர் என்பவை தெளிவாக இருத்தல் அவசியம். ஒரே தேவையை இரு வாயில்களில் மறைத்துக் கேட்பது முறையன்று.

ஆறாம் ஆண்டு

மேற்கூறிய தொடர் மானியம் ஐந்தாம் ஆண்டுடன் முடிவடையும் தன்மையது. கருவிகள் பழுதடையத் தொடங்குவதும் ஏறத்தாழ அக்காலத்திலேதான். அதன்பின் பள்ளியின் கையிலிருப்பது பெரும்பாலும் ஒட்டுமொத்தப் பள்ளி மானியமே. மேற்கண்ட நெறிமுறைகளின்படி 101 முதல் 250 வரை மாணவர்கள் பயிலும் பள்ளிக்கு அது ஆண்டுக்கு ரூ.50,000, ஆய்வகத்தின் தொடர் மானியத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அதிலிருந்தே மின் கட்டணம், குடிநீர், தூய்மைப் பணி, கற்பித்தல் பொருள்கள் ஆகிய அனைத்தையும் ஈடுகட்ட வேண்டும்.

ஆகவே, ஆறாம் ஆண்டுச் செலவை ஏற்பவர் எவர் என்னும் வினாவிற்கான விடை விண்ணப்பத்திலேயே இடம்பெறுதல் நலம். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம், உள்ளாட்சி அமைப்பின் உறுதிமொழி, கொடையாளருடனான பராமரிப்பு ஒப்பந்தம் இவற்றுள் ஏதேனும் ஒன்று முன்கூட்டியே அமைய வேண்டும். விடை கிட்டாவிடில் சிறிய கோரிக்கையே சிறந்தது. பேண முடியாத இருபது கணினிகளைவிட, நாள்தோறும் இயங்கும் ஐந்து கணினிகள் மாணவருக்கு அதிகப் பயன் தரும்.

இருப்புப் பதிவேடும் பயன்பாட்டுச் சான்றிதழும் உரிய காலத்தில் முடிக்கப்பட்டால்தான் அடுத்த தவணைக்கு வழி பிறக்கும். ஆயினும் பணம் செலவானது என்பதற்கே அச்சான்றிதழ் சாட்சி. மாணவர் கற்றனர் என்பதற்கு அன்று. ஆய்வு செய்யும் அலுவலர்கள் பதிவேட்டைப் பார்த்தபின், ஒரு மாணவியை அழைத்துக் கணினியை இயக்கிக் காட்டுமாறு கேட்பார்களாயின், மானியத்தின் உண்மையான கணக்கு அங்கே தெரியவரும்.