பழைய சரக்கு வண்டிக்கு நியாயமான விலை சொல்வது எப்படி?



ஒரு மூட்டை துவரம் பருப்புக்கு விலை சொல்ல நாம் யோசிப்பதில்லை. அன்றைய விருதுநகர் மார்க்கெட் நிலவரம், லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கழிவு, நம் லாபம் என்று மனக்கணக்காகவே விலை வந்துவிடும். ஆனால் கடைக்கு ஓடிய சரக்கு வண்டியை விற்பது என்று வந்துவிட்டால் அதே வியாபாரி தடுமாறிப் போகிறார். "ஐந்து லட்சம் போட்டு வாங்கினேன்", "போன வருஷம்தான் முப்பதாயிரம் செலவழித்தேன்", "தவணை இன்னும் இவ்வளவு பாக்கி இருக்கிறது" என்று காரணங்களை அடுக்குகிறார். இவற்றில் ஒன்றுகூட வாங்க வருபவருக்குச் சம்பந்தப்பட்டது அல்ல.

2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் வந்த பிறகு, குட்டி யானை என்று நாம் அழைக்கும் இந்த வகைச் சிறு வண்டி நம் தொழிலின் ஓர் அங்கமாகிவிட்டது. சொந்த வண்டி வைத்து லைன் வியாபாரம் செய்பவர் நம்மில் ஏராளம். எனவே பழைய வண்டியை விற்பவரும் நம்மவர். வாங்குபவரும் பெரும்பாலும் நம்மவரே. விலை தவறினால் நஷ்டம் நம் வட்டத்துக்குள்தான் சுற்றும். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மொத்த வியாபாரத்தில் இருந்து, ஏழு வண்டிகளை வாங்கி விற்ற அனுபவத்தில் நான் கற்றதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

1. வாங்கிய விலையை மறக்க வேண்டும்

மிளகாய் வற்றலை உச்ச விலையில் வாங்கி இருப்பு வைத்தோம், சந்தை இறங்கிவிட்டது. அப்போது வாங்கிய விலையைச் சொல்லி யாரிடமாவது விற்க முடியுமா? வண்டியும் அப்படித்தான். அதன் மதிப்பு, அதே போன்ற இன்னொரு வண்டியை இன்று வாங்க எவ்வளவு ஆகும் என்பதைப் பொறுத்ததே.

புது வண்டியின் விலை மாறினால் பழைய வண்டியின் விலையும் மாறும். சரக்கு வண்டிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 5,00,000 ரூபாய் விலையுள்ள வண்டி, வரியோடு 6,40,000 ஆக இருந்தது 5,90,000 ஆயிற்று. புது வண்டியே ஐம்பதாயிரம் இறங்கிய பிறகு, பழைய வண்டிக்கு முந்தைய ஆண்டு அண்டை வீட்டுக்காரர் பெற்ற விலையை நாம் எதிர்பார்க்கக் கூடாது.

தவணை பாக்கியும் விலைக்கு அடிப்படை ஆகாது. அது நமக்கும் பைனான்ஸ்காரருக்கும் உள்ள கணக்கு.

2. நிலவரம் எடுப்பது

அதே மாடல், அதே ஆண்டு, அதே எரிபொருள், முதல் ஓனர் கையில் உள்ள வண்டிகளாக ஐந்தைத் தேட வேண்டும். என்ன விலை கேட்கிறார்கள் என்று நோட்டில் குறிக்க வேண்டும். ஒரு கணக்குக்காக, ஐந்து ஆண்டு ஓடிய வண்டிக்கு 3,10,000, 3,25,000, 3,40,000, 3,60,000, 4,10,000 என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். மேல் ஒன்றையும் கீழ் ஒன்றையும் தள்ளிவிடுங்கள். மீதி மூன்றுக்கும் நடுவில் நிற்பது 3,40,000.

ஆனால் இது கேட்கும் விலைதான். முடிந்த விலை அல்ல. முடிந்த விலையை அறிந்தவர்கள் மூவர்: வண்டிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக், பழைய வண்டிக்குக் கடன் கொடுக்கும் பைனான்ஸ்காரர், சமீபத்தில் விற்ற நம் கடைக்காரர். தரகரையும் கேட்கலாம். ஆனால் அவர் விற்பவரிடம் ஒரு விலையும் வாங்குபவரிடம் ஒரு விலையும் சொல்லக்கூடும் என்பதை மனதில் வைக்க வேண்டும். நம் கணக்கில் முடிந்த விலை 3,25,000 என்று வைப்போம். எஃப்.சி.யும் இன்சூரன்ஸும் நடப்பில் உள்ள, உடனே லோடு ஏற்றக்கூடிய வண்டிக்கு உரிய விலை இது.

3. கழிப்பதும் கூட்டுவதும்

இனி நம் வண்டியை அந்த வண்டியோடு ஒப்பிட வேண்டும். வாங்கியவர் முதல் மூன்று மாதத்தில் செய்தே ஆக வேண்டிய செலவை விலையில் கழிக்க வேண்டும். பின் டயர் இரண்டும் தேய்ந்திருக்கின்றன: 8,000. எஃப்.சி. அடுத்த மாதம் முடிகிறது. டிங்கரிங், பெயிண்ட் உட்பட 12,000. இன்சூரன்ஸ் முடியும் தறுவாயில் இருக்கிறது: 18,000. ஆக மொத்தம் 38,000 கழிவு.

கூட்டுவதில்தான் நம்மவர்கள் தவறு செய்கிறார்கள். கிளட்ச் மாற்றினேன், பிரேக் ஷூ மாற்றினேன் என்று ஒவ்வொன்றுக்கும் விலை கேட்பார்கள். கிளட்ச் நன்றாக இருக்கும் என்று நம்பித்தான் சந்தையில் 3,25,000 தருகிறார்கள். மாற்றாவிட்டால் கழிவு, மாற்றினால் சரிக்குச் சரி. உத்தரவாதக் காலம் முடியாத புது பேட்டரி போன்றவற்றுக்கு மட்டும், போட்ட பணத்தில் பாதியைச் சேர்க்கலாம். அதற்கு 3,000 சேர்த்தால் நம் வண்டியின் நியாய விலை 2,90,000.

மளிகை வண்டிகளுக்கென்றே உள்ள ஒரு குறையையும் சொல்ல வேண்டும். உப்பு மூட்டை ஏற்றிய வண்டியின் அடித்தகடு துருப்பிடிக்கும். மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. பாயை நீக்கிச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பட்டைக்கு அருகே சேஸ் துருப்பிடித்திருந்தால் அது சில்லறைச் செலவு அல்ல, விலையையே மாற்றிவிடும்.

வயதும் படிப்படியாகத்தான் விலையை இறக்கும் என்று எண்ணக் கூடாது. சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி.; அதன் பிறகு ஆண்டுதோறும். எனவே எட்டு ஆண்டைத் தாண்டும்போது விலை ஒரு படி இறங்கும். விற்பதென்று முடிவெடுத்தவர் அந்த எல்லைக்கு முன்பே விற்பது நல்லது.

4. கேட்கும் விலையும் கொடுக்கும் விலையும்

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேரம் பேசிய ஊர் நம்முடையது. பேரம் பேசாமல் வாங்கியவருக்கு வீட்டில் மதிப்பில்லை! எனவே நூற்றுக்கு ஐந்து இடம் வைத்து 3,05,000 கேட்கலாம். அதற்கு மேல் ஏற்றிச் சொன்னால் உண்மையாக வாங்க வருபவர் பேசாமலே போய்விடுவார். வேடிக்கை பார்ப்பவர்தான் வருவார். கடைசி விலை 2,80,000 என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். பேச்சு சூடாகும்போது அந்தச் சீட்டு நம்மைக் காப்பாற்றும்.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றாலும் 2,90,000-க்கு மாதம் 2,900 போகிறது. நிற்கும் வண்டியில் பேட்டரி இறங்கும், டயர் வெடிக்கும், இன்சூரன்ஸ் ஓடும். பதினைந்தாயிரம் கூடுதலாகக் கேட்டு ஐந்து மாதம் காத்திருந்து, கேட்ட விலையே கிடைத்தாலும் லாபம் ஒன்றுமில்லை.

5. கணக்குப் புத்தகமும் வரியும்

சொந்தக் கடைக்கு ஓடும் சரக்கு வண்டிக்கு வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம். 5,00,000-க்கு வாங்கியது ஐந்து ஆண்டு முடிவில் புத்தகத்தில் சுமார் 2,21,850 ஆக நிற்கும். இதைச் சந்தை விலை என்று எடுத்துக்கொண்டு குறைத்து விற்பவரும் உண்டு. புத்தக மதிப்பு வேறு, சந்தை மதிப்பு வேறு.

ஆனால் வரிக்கு அந்தத் தொகை தேவைப்படும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர், வண்டி வாங்கியபோது கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுக்காமல், தேய்மானம் மட்டும் எழுதியிருந்தால், விற்ற விலைக்கும் புத்தக மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி. 2025 ஜனவரியில் இந்த விகிதம் எல்லாப் பழைய வண்டிகளுக்கும் 18 சதவீதம் என்று ஒன்றாக்கப்பட்டது. நம் கணக்கில் வித்தியாசம் 68,150; வரி சுமார் 12,270. புத்தக மதிப்புக்குக் கீழே விற்றால் இந்த வரி இல்லை. உள்ளீட்டு வரியை எடுத்தவர்களுக்குக் கணக்கு வேறு. பதிவு பெறாத சிறு கடைக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. விலை பேசி முடிக்கும் முன் ஆடிட்டரைக் கேளுங்கள். பிறகு கேட்டால் நம் கையிலிருந்துதான் போகும்.

6. குறையைச் சொல்லி விற்பது

என் தவறு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எட்டு ஆண்டுக்கு முன் ஒரு வண்டியை விற்றேன். காலையில் முதலில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை தள்ளும். ஆயில் எரிகிறது, இன்ஜின் வேலை வரப்போகிறது என்று பொருள். இன்ஜின் சூடேறிய பிறகு ஒன்றும் தெரியாது. வாங்க வருபவர் பத்து மணிக்கு வருகிறார் என்று தெரிந்து, ஒன்பது மணிக்கே டிரைவரை ஒரு சுற்று ஓட்டி வரச் சொன்னேன்.

வாங்கியவர் வேற்றாள் அல்ல. பன்னிரண்டு ஆண்டுகளாக என்னிடம் சரக்கு எடுத்த கிராமத்துக் கடைக்காரர். "அண்ணாச்சி வண்டி, பார்க்க என்ன இருக்கிறது" என்று மெக்கானிக்கைக்கூட அழைத்து வரவில்லை. மூன்றாம் மாதம் இன்ஜினைப் பிரித்தார்கள் என்று டிரைவர் மூலம் கேள்விப்பட்டேன். அவர் வந்து சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். பதிலும் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் வந்தார், இருந்த பாக்கியைப் பைசா மிச்சமில்லாமல் எண்ணி வைத்தார், பேரேட்டில் வரவு எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார், "வருகிறேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு ஒரு மூட்டைகூட என்னிடம் எடுக்கவில்லை.

புகையைச் சொல்லியிருந்தால் முப்பதாயிரம் குறைத்திருப்பேன். அவ்வளவுதான். அந்த முப்பதாயிரத்துக்கு நான் விற்றது வண்டியை அல்ல.

இப்போது விற்கும் வண்டியை இரவு முழுவதும் நிறுத்தி வைத்து, குளிர்ந்த இன்ஜினை வாங்குபவரையே ஸ்டார்ட் செய்யச் சொல்கிறேன். குறைகளைச் சீட்டில் எழுதி, அதற்காகக் கழித்த தொகையையும் பக்கத்தில் எழுதிக் கொடுக்கிறேன். இதில் ஓர் ஆச்சரியம்: சீட்டைக் கையில் வாங்கியவர் அதிகம் பேரம் பேசுவதில்லை. சொல்லாத குறைக்குத்தான் அவர் மனதில் பெரிய தொகையாகக் கழிப்பார்.

7. பெயர் மாற்றம் முடிந்தால்தான் விற்பனை முடிந்தது

பைனான்ஸ் இருந்தால் கடனை முடித்து, என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி.யில் அடமானக் குறிப்பை நீக்க வேண்டும். விற்பவர் படிவம் 29, வாங்குபவர் படிவம் 30. மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சேஸ் நம்பரைப் பென்சில் அச்சு எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டுக் காட்டுவது இருவருக்கும் நல்லது.

வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டி நான்கு கை மாறிப் போயிருந்தாலும் வழக்கு நம் கடை வாசலுக்குத்தான் வரும். எனவே பெயர் மாற்றச் செலவு யாருடையது என்பதையும் விலையோடு சேர்த்தே பேசி முடியுங்கள். பத்தாயிரத்தை மட்டும் நிறுத்தி வைத்து, புது ஆர்.சி. வந்த அன்று கொடுப்பது என்று வைத்துக்கொண்டால் இரு தரப்பும் சுறுசுறுப்பாக இருக்கும்.

அன்பர்களே, நிலவரம் எடுங்கள், செலவைக் கழியுங்கள், பேரத்துக்குச் சிறிது இடம் வையுங்கள், குறையை எழுதிக் கொடுங்கள், பெயரை மாற்றிக் கொடுங்கள். வண்டியை வாங்கியவர் மறுவாரம் அதே வண்டியில் வந்து நம் கடையில் லோடு ஏற்றினால், சொன்ன விலை நியாயமானது என்று அறிந்துகொள்ளலாம்.