தலையில் அடிபட்ட பிள்ளை வீடு திரும்பிய பின்

மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைக் கல்லருகே பாறைச்சரிவில் சறுக்கி விழுந்தாலும், தெருவில் மிதிவண்டியிலிருந்து விழுந்தாலும், பெற்றோர் முதலில் கேட்பது ஸ்கேனைப் பற்றித்தான். அடிபட்டதில் மூளை குலுங்கிச் சில நாள் தடுமாறும் நிலையையே மூளை அதிர்ச்சி என்கிறோம். அதில் ஸ்கேன் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஆகவே ‘ஸ்கேனில் ஒன்றுமில்லை’ என்பது மறுநாளே கிரிக்கெட் ஆடுவதற்கான அனுமதியன்று.

முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு தேவை. கைப்பேசியும் தொலைக்காட்சியும் வேண்டா. உறங்க விடாமல் உட்கார்த்தி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் உண்டு. மருத்துவர் பரிசோதித்து அனுப்பிய பிள்ளைக்கு உறக்கம் நல்லதே. வாரக்கணக்கில் இருட்டறையில் படுக்க வைப்பதோ குணமாவதைத் தாமதப்படுத்தும். மூன்றாம் நாள் முதல் சிறிது நடக்கட்டும். பின்னர் அரைநாள் பள்ளிக்குச் செல்லட்டும். தலைவலி கூடினால் முந்தைய நாள் செய்த அளவுக்கே திரும்புங்கள். முழுநாள் பள்ளி பழகி, மருத்துவரும் பார்த்த பிறகே விளையாட்டு. மூளை தேறுமுன் மறுபடி அடிபடுவது பேராபத்து. பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரங்களில் தேறிவிடுவர். அதுவரை வரும் எரிச்சலையும் மறதியையும் அடமென்று கடிந்துகொள்ளாதீர்கள்.

அடுத்தடுத்து வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கைகால் தளர்ச்சி, குழறும் பேச்சு, எழுப்பியும் விழிக்காத மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள்.