முயலுக்குப் புல் வாங்கும் கணக்கு

தாராவியில் ஒரு குறுகிய சந்து. அங்கே ஒரு மாடி அறையில் ஒரு குடும்பம் வாழ்கிறது. பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. அப்பா விடியற்காலையில் இட்லி அவிக்கிறார். அதை மாட்டுங்கா பக்கம் கொண்டு போய் விற்கிறார். அம்மா செம்பூரில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். மகள் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள்.

அம்மா சிறு வயதில் பள்ளிக்கூடம் போனதில்லை. மாலை வகுப்பில்தான் எழுத்துக் கற்றார். இப்போது பஸ் பலகையைப் படிப்பார். கடைச் சீட்டைப் படிப்பார். கூட்டல், பெருக்கல் போடுவார்.

செம்பூரில் அவர் வேலை செய்த வீட்டார் ஊர் மாறிப் போனார்கள். போகும்போது தங்கள் வெள்ளை முயலை மகளுக்குக் கொடுத்தார்கள். கூண்டும் அரைப் பாக்கெட் உலர் புல்லும் கூடவே வந்தன. முயலின் எடை 2 கிலோ. மகளுக்கு ஒரே மகிழ்ச்சி.

மூன்று நாளில் புல் தீர்ந்து போனது.

"புல்லைப் போய் காசு கொடுத்து வாங்கணுமா?" என்றார் அப்பா. "நம்ம ஊரில் வரப்பு முழுக்கப் புல்தானே!"

"நம்ம ஊரில் வரப்பு இருக்கு. தாராவியில் வரப்பு ஏது?" என்றார் அம்மா.

அதன் பிறகு முயலுக்குச் சோறு போட்டார்கள். ரொட்டியும் பிஸ்கட்டும் போட்டார்கள். முயல் ஆசையாகத் தின்றது. இரண்டு வாரம் கழிந்தது. ஒருநாள் காலையில் முயல் மூலையில் சுருண்டு கிடந்தது. எதையும் தின்னவில்லை. புழுக்கையும் போடவில்லை.

மகள் அழுதாள். அம்மா வேலைக்குப் போகவில்லை. முயலைக் கூடையில் வைத்துப் பரேலுக்கு எடுத்துச் சென்றார். பரேலில் பாய் சாக்கர்பாய் தின்ஷா பெட்டிட் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. 1886ஆம் ஆண்டு தொடங்கிய மும்பை கால்நடை மருத்துவக் கல்லூரியும் பரேலில்தான் இருக்கிறது.

டாக்டரம்மா முயலைச் சோதித்தார். ஊசி போட்டார். பிறகு கேட்டார்: "இதற்கு என்ன தீனி கொடுக்கிறீர்கள்?"

"நாங்கள் தின்பதைத்தான் கொடுக்கிறோம், டாக்டரம்மா."

"அதுதான் நோய்க்குக் காரணம். நல்ல வேளை, உடனே கொண்டு வந்தீர்கள். முயல் அரை நாள் தின்னாமல் இருந்தாலே ஆபத்து."

முயலுக்குப் புல் எதற்கு?

முயல் புல் தின்னும் பிராணி. அதன் குடல் எப்போதும் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். புல்லில் உள்ள நார்தான் குடலை அசைய வைக்கிறது. சோறு, ரொட்டி, பிஸ்கட் இவற்றில் நார் மிகக் குறைவு. மாவும் இனிப்பும் அதிகம். அதனால் குடலில் வாயு சேரும். குடல் அசைவு நின்று போகும். முயல் இறந்தும் போகலாம்.

இன்னொரு காரணம் பல். முயலுக்கு 28 பற்கள். அவை வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் மட்டும் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளரும். புல்லை மென்று மென்றுதான் பல் தேயும். மெல்ல வேலை இல்லாவிட்டால் பல் நீண்டுவிடும். வாயைக் குத்தும். பிறகு முயலால் தின்ன முடியாது.

ஆகவே முயலின் தீனியில் பெரும்பங்கு புல்லாக இருக்க வேண்டும். அது பச்சைப் புல்லாக இருக்கலாம். உலர் புல்லாகவும் இருக்கலாம். தினமும் ஒரு கைப்பிடி கீரை சேர்க்கலாம். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை நல்லவை. காரட்டில் இனிப்பு அதிகம். ஒரு சிறு துண்டு போதும். உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. நல்ல தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

பாக்கெட்டைப் படித்தார் அம்மா

முயல் பிழைத்துக்கொண்டது. திரும்பும் வழியில் அம்மா மாட்டுங்காவில் இறங்கினார். செல்லப் பிராணிகளுக்குத் தீனி விற்கும் கடைக்குப் போனார். கடையில் இரண்டு வகைப் பாக்கெட்டுகள் இருந்தன.

சிறிய பாக்கெட்டின் விலை 300 ரூபாய். பெரிய பாக்கெட்டின் விலை 450 ரூபாய்.

"சின்னதே போதும். அதுதான் மலிவு" என்று அம்மா முதலில் நினைத்தார். பிறகு பாக்கெட்டைத் திருப்பிப் படித்தார். சிறியதில் 500 கிராம் என்று இருந்தது. பெரியதில் 1 கிலோ என்று இருந்தது.

சிறிய பாக்கெட் இரண்டு வாங்கினால்தான் 1 கிலோ வரும். அதற்கு 600 ரூபாய் ஆகும். பெரிய பாக்கெட்டில் அதே 1 கிலோ 450 ரூபாய்க்குக் கிடைக்கிறது. சிறிய பாக்கெட்டில் 150 ரூபாய் நட்டம்.

பாக்கெட்டின் விலையை மட்டும் பார்க்கக் கூடாது. எடையைப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ என்ன விலை என்று கணக்குப் போட வேண்டும். பாக்கெட் செய்த தேதியையும் படிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து அம்மா மகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார்.

2 கிலோ முயலுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 80 கிராம் உலர் புல் வேண்டும்.
30 நாளுக்கு: 30 × 80 = 2,400 கிராம். அதாவது 2 கிலோ 400 கிராம்.
கிலோ 450 ரூபாய் என்றால், மாதச் செலவு 1,080 ரூபாய்.

அப்பா கணக்கைப் பார்த்துத் திகைத்தார். "இட்லி விற்ற காசெல்லாம் புல்லுக்கே போய்விடுமே! இதைக் கொண்டு போய் இயற்கைப் பூங்காவில் விட்டுவிடலாம். அங்கே நிறையப் புல் இருக்கு."

தாராவியை அடுத்து, மித்தி ஆற்றங்கரையில் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா இருக்கிறது. முன்பு அது குப்பை மேடு. மரம் நட்டு வளர்த்து 1994ஆம் ஆண்டு பூங்காவாகத் திறந்தார்கள். ஆனால் வீட்டில் வளர்ந்த முயலுக்கு வெளியே வாழத் தெரியாது. நாயும் பூனையும் அதைக் கடித்துவிடும். பூங்காவில் புல் அறுப்பதும் தவறு.

"விட்டால் செத்துவிடும், அப்பா" என்றாள் மகள். அப்பா பேசாமல் இருந்தார்.

"கடைப் பாக்கெட் ஒன்றுதானா வழி?" என்றார் அம்மா. "மாட்டுக்கும் ஆட்டுக்கும் இந்த ஊரில் புல் எங்கிருந்து வருகிறது? விசாரித்துப் பார்ப்போம்."

புல் கிடைக்கும் இடம்

செம்பூரை அடுத்தது தேவனார். அங்கே பெரிய ஆட்டுச் சந்தை உண்டு. ஆடு இருக்கும் இடத்தில் தீவனமும் விற்கும். மாட்டுத் தொழுவங்களின் பக்கமும் தீவனக் கடை இருக்கும். அங்கே புல்லை எடை போட்டு, அல்லது கட்டாக விற்பார்கள். கோயில் வாசலில் பசுவோடு உட்கார்ந்து சிலர் புல் விற்பார்கள். அது சிறு கட்டு. விலை கூடுதல்.

தீவனக் கடையில் பல வகை இருக்கும். எது எது என்று தெரிந்து வாங்க வேண்டும்.

வைக்கோல்: நெல் அடித்த பிறகு மிஞ்சும் தாள். இதில் சத்துக் குறைவு. முயலுக்கு அடியில் விரிக்கலாம். முக்கியத் தீனியாகக் கொடுக்கக் கூடாது. வைக்கோல் வேறு, உலர் புல் வேறு.

உலர் புல்: பச்சையாக இருக்கும்போதே அறுத்துக் காயவைத்த புல். பசுமை நிறமும் நல்ல மணமும் இருக்கும். இதுதான் முயலுக்கு ஏற்றது.

குதிரைமசால்: மராத்தியில் லசூண் காஸ் என்பார்கள். லசூண் என்றால் பூண்டு. ஆனால் இது பூண்டு அல்ல. இதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் நல்லது. வளர்ந்த முயலுக்கு எப்போதாவது சிறிது கொடுத்தால் போதும்.

சோளப் பயிர்: இளம் சோளப் பயிரில் நஞ்சு இருக்கும். அதைக் கொடுக்கக் கூடாது.

சாலை ஓரப் புல்லில் புகையும் நாய்க் கழிவும் படிந்திருக்கும். மழைக்காலத்தில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். அதனால் எலிக்காய்ச்சல் மனிதருக்கும் வரும். ரயில் பாதை ஓரம் புல் அறுக்கப் போவது உயிருக்கே ஆபத்து.

வீட்டிலேயே உலர்த்தலாம்

அம்மா தேவனார் பக்கம் ஒரு கடையில் பச்சைப் புல் விலை கேட்டார். கிலோ 20 ரூபாய் என்றார்கள்.

பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அதைக் காயவைத்தால் ஐந்தில் ஒரு பங்கு எடைதான் மிஞ்சும்.

12 கிலோ பச்சைப் புல் காய்ந்தால் ஏறத்தாழ 2 கிலோ 400 கிராம் உலர் புல் ஆகும்.
12 × 20 = 240 ரூபாய்.
போக்குவரத்துச் செலவு 60 ரூபாய்.
மொத்தம் 300 ரூபாய்.
மிச்சம்: 1,080 − 300 = 780 ரூபாய்.

அப்பா தகரக் கூரை மேல் பழைய சேலையை விரித்தார். புல்லை மெல்லியதாகப் பரப்பினார். பகலில் இரண்டு முறை புரட்டிவிட்டார். இரவில் பனி படாமல் உள்ளே எடுத்து வைத்தார். நல்ல வெயிலில் மூன்று நாளில் காய்ந்தது. தண்டை வளைத்தால் டக்கென்று ஒடிய வேண்டும். அதுதான் பக்குவம். ஒடியாமல் வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

காய்ந்த புல்லைச் சாக்கில் கட்டி உயரத்தில் தொங்கவிட்டார்கள். அங்கே எலி வராது. பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த புல்லை எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் எறிந்துவிட வேண்டும்.

பழைய தீனியை ஒரே நாளில் மாற்றக் கூடாது. ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும்.

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அப்போது எதுவும் காயாது. எனவே மே மாதத்துக்குள் உலர் புல் சேர்த்து வைக்க வேண்டும். மழைக்காலத்தில் பச்சைப் புல் தாராளமாக வரும். தினமும் 400 கிராம் வாங்கி அன்றே கொடுக்கலாம். ஈரப் புல்லைக் குவித்து வைத்தால் சூடேறிக் கெட்டுப் போகும். அதைக் கொடுக்கக் கூடாது.

புல்லுக்குப் பின்னால் உழைப்பு

மும்பைக்குப் புல் தானாக வருவதில்லை. அன்றைய தாணே மாவட்ட மலைப் பகுதியிலிருந்து நெடுங்காலமாகப் புல் வந்தது. நகரத்துத் தொழுவங்களில் எருமைகள் அதைத் தின்றன. புல்லை அறுத்தவர்கள் வார்லி பழங்குடி மக்கள். நிலக்காரர்கள் கொடுத்த கூலியோ மிகக் குறைவு. 1945ஆம் ஆண்டு டஹாணு, உம்பர்காவ் பகுதியில் அவர்கள் புல் அறுக்க மறுத்துப் போராடினார்கள். 500 பவுண்டு புல் அறுத்தால் இரண்டரை ரூபாய் கூலி வேண்டும் என்று கேட்டார்கள். கோதாவரி பருலேகரும் சாம்ராவ் பருலேகரும் அவர்களோடு நின்றார்கள்.

இதைக் கேட்ட அப்பா சொன்னார்: "புல்லுக்குக் காசா என்று கேட்டேன். குனிந்து அறுத்தவருக்குக் கூலி வேண்டாமா? நியாயமான விலையைக் கொடுப்போம். வீண் விலையைத்தான் கொடுக்கக் கூடாது."

சேர்ந்து வாங்கினால் இன்னும் மலிவு

அதே சந்தில் இன்னும் இரண்டு வீடுகளில் முயல் உண்டு. "அக்கா, நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள்" என்று அம்மா கூப்பிட்டார். மூன்று வீட்டுக்கும் ஒருவரே போய் வாங்கி வருகிறார். 60 ரூபாய்ப் போக்குவரத்துச் செலவு மூன்றாகப் பிரிகிறது. வீட்டுக்கு 20 ரூபாய்.

ஒரு எச்சரிக்கையும் அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஆண் முயலையும் பெண் முயலையும் ஒன்றாக விடக் கூடாது. 31 நாளில் குட்டி போடும். ஒரு ஈற்றில் பல குட்டிகள் வரும். புல் செலவும் அத்தனை மடங்கு ஆகும். நன்றாகப் பேணினால் ஒரு முயல் எட்டு, பத்து ஆண்டு வாழும். அத்தனை ஆண்டும் தீனி போட முடியுமா என்று கணக்குப் பார்த்த பிறகே முயல் வாங்க வேண்டும்.

இப்போது முயல் கூண்டின் அருகே ஒரு நோட்டு தொங்குகிறது. தேதி, எடை, விலை மூன்றையும் அம்மா தம் கையால் எழுதுகிறார். முயல் நாள் முழுதும் புல்லை மெல்லுகிறது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படிக்கிறாள்.

பதில் சொல்லுங்கள்

1. முயலுக்குச் சோறும் ரொட்டியும் ஏன் ஆகாது?
2. வைக்கோலுக்கும் உலர் புல்லுக்கும் என்ன வேறுபாடு?
3. புல் காய்ந்துவிட்டது என்று எப்படி அறிவது?

கணக்குப் போடுங்கள்

1. ஒரு பாக்கெட்டில் 800 கிராம் உலர் புல். விலை 360 ரூபாய். ஒரு கிலோ என்ன விலை?
2. 10 கிலோ பச்சைப் புல் காய்ந்தால் எத்தனை கிலோ உலர் புல் கிடைக்கும்?
3. மாதம் 780 ரூபாய் மிச்சம் ஆனால், ஓர் ஆண்டில் எவ்வளவு மிச்சம்?

செய்து பாருங்கள்

இந்தப் பாடத்தில் உள்ள விலைகள் கணக்குப் பழகுவதற்காகச் சொன்னவை. உங்கள் பகுதியில் விலையைக் கேட்டு எழுதுங்கள். வீட்டில் உள்ள எண்ணெய், சோப்பு, தேயிலைப் பாக்கெட்டுகளையும் எடுங்கள். எடையையும் விலையையும் படியுங்கள். எது உண்மையில் மலிவு என்று கண்டுபிடியுங்கள்.