இளம் வயதிற் புற்றுநோய்: அஞ்ச வேண்டியது எதற்கு?

புற்றுநோய் முதியோரின் நோய் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். பெரும்பாலும் அது உண்மையே. ஆயினும் இளையோரை அது முற்றாக விட்டுவைப்பதில்லை. உலகெங்கும் 19 வயது வரையுள்ளோருள் ஆண்டுதோறும் ஏறக்குறைய 4 இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் 15 முதல் 19 வயது வரையானோருள் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 பேருக்கு இந்நோய் காண்கின்றது. அந்நாட்டின் சனத்தொகையை நோக்க இது சிறு தொகையே. எனவே, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதும் பெற்றோர் நடுங்க வேண்டியதில்லை. ஆனால், அரிதான நோய் என்பதாலேயே அதைப் பலர் எண்ணிப் பார்ப்பதுமில்லை.

கனடா நாட்டு இளைஞர் ரெறி பொக்ஸ், கூடைப்பந்தாட்ட வீரர். 1976ஆம் ஆண்டின் இறுதியில் முழங்காலில் நோவு கண்டது. விளையாட்டுக் காலம் முடியட்டும் எனப் பொறுத்திருந்தார். 1977 மார்ச்சில் அது எலும்புப் புற்றுநோய் எனத் தெரிந்தது. 18 வயதில் வலது காலை இழந்தார். பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 50 என்றும், இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரெனின் 15 மட்டுமே என்றும் அவருக்குக் கூறப்பட்டது. ஆராய்ச்சியின் பயனை உணர்ந்த அவர், அதற்கு நிதி திரட்டப் பொய்க்காலுடன் 1980இல் 143 நாட்கள் ஓடி, 5,373 கிலோமீற்றர் கடந்தார். நோய் சுவாசப்பைக்குப் பரவவே ஓட்டம் நின்றது. 1981 ஜூன் 28இல், 22 வயதில் மறைந்தார்.

இன்று நிலைமை எப்படி? இதே எலும்புப் புற்றுநோய், பரவுமுன் கண்டுபிடிக்கப்பட்டால் மூவரில் இருவரளவில் பிழைக்கின்றனர். பலருக்குக் காலை அகற்றவேண்டிய தேவையும் இல்லை. பரவிய பின்னரெனின் நால்வரில் ஒருவரளவிலேயே பிழைக்கின்றனர். இளையோரிடம் காணப்படும் ஏனைய புற்றுநோய்களுள் இரத்தப் புற்றுநோய், நிணநீர்க் கணுக்களின் புற்றுநோய், மூளைக் கட்டி என்பன முக்கியமானவை. அமெரிக்காவில் எல்லா வகைகளையும் சேர்த்து நோக்கின், 15 முதல் 19 வயதினருள் நூற்றுக்கு 85 பேரளவில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்கின்றனர். வசதி படைத்த நாடுகளில், நோயுற்ற பிள்ளைகளுள் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமடைய, வறிய நாடுகள் பலவற்றில் 30 பேர்கூடக் குணமடைவதில்லை. நோயைப் பிந்திக் கண்டறிவதும், மருந்தின்மையும், சிகிச்சையை இடையில் நிறுத்துவதுமே இதற்குப் பெருங் காரணங்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை எவை?

1. வாரக் கணக்கில் நீடிக்கும், இரவில் கூடும் எலும்பு நோவும் வீக்கமும்.

2. கழுத்திலோ அக்குளிலோ கரையாத கட்டி.

3. காரணமின்றி நீடிக்கும் காய்ச்சல், மெலிவு, வெளிறல், முரசில் இரத்தக் கசிவு.

4. காலையில் வாந்தியோடு வரும் தலையிடி.

5. ஆண் பிள்ளைகளின் விதையில் நோவற்ற வீக்கம். வெட்கத்தால் இதை மறைப்போர் பலர்.

இவை பெரும்பாலும் வேறு சிறு நோய்களின் அறிகுறிகளே. ஆயினும் எண்ணெய் பூசிப் பூசிக் காலத்தைப் போக்காது, வைத்தியரிடம் காட்டிவிடுங்கள். இந்நோய் ஒட்டுவதில்லை, நாவூறாலோ செய்வினையாலோ வருவதுமில்லை, பெற்றோரின் குற்றமுமன்று. நாம் அஞ்ச வேண்டியது நோயின் பெயருக்கன்று, தாமதத்திற்கே.