ஒன்பதில் நான்கு போனால் நான்கா?

கேள்வி: ஆப்பிள் 2 கணினிக்கு அசெம்ப்ளி எழுதிப் பழகுகிறேன். எஸ்பிசி கட்டளையில் 9-இலிருந்து 4-ஐக் கழித்தால் சில சமயம் 4 வருகிறதே, ஏன்?

பதில்: அதற்கு முன் எஸ்இசி கட்டளை கொடுத்து கேரி பிட்டை 1 ஆக்கியிருக்க மாட்டீர்கள். ஆப்பிள் 2-இல் இருக்கும், 1975-இல் வந்த 6502 சிப்பில் கழிப்பதற்கென்று தனிச் சுற்று கிடையாது. கூட்டும் சுற்றே கழிக்கிறது. 4-இன் எட்டு பிட்டுகளையும் தலைகீழாக்கினால் 251. அதோடு 9-ஐயும் கேரியின் 1-ஐயும் கூட்டினால் 261. எட்டு பிட்டுக்குள் அடங்காத 256 வெளியே போக, மிச்சம் 5. கேரி 0 என்றால் 4தான் மிஞ்சும். வெளியேறிய 256 கேரியை மறுபடி 1 ஆக்கும். கடன் வாங்கவில்லை என்று அர்த்தம். எவ்வளவு சிக்கனமான, அழகான ஏற்பாடு! 16 பிட் எண்களைக் கழிக்கும்போது கீழ் பைட்டுக்கு முன் மட்டும் எஸ்இசி போடுங்கள். மேல் பைட்டுக்குப் போகும்போது கேரியைத் தொடாதீர்கள்.